வெளிநாட்டு ஸ்கூல்ல புதுசா சேர்ந்திருக்கியா? ஃப்ரெண்ட்ஸ் பிடிக்கிறது எப்படின்னு ஒரு அக்கா சொல்றேன்

2014 ஜனவரி கடைசியில திருச்சியில இருந்து டொரன்டோ வந்து இறங்கினோம். எனக்கு அப்ப 15 வயசு, வெளியில மைனஸ் 20. பிப்ரவரி முதல் வாரமே டொரன்டோவோட கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவுல ஒரு ஹைஸ்கூல்ல பத்தாவது சேர்த்துவிட்டாங்க. முதல் மூணு வாரம் நான் லஞ்ச் சாப்பிட்டது கேஃபிடீரியாவுல இல்ல, ரெண்டாவது மாடிக்குப் போற படிக்கட்டுல. அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் ஜில்லுன்னு விறைச்சுப் போயிருக்கும், டப்பா மூடியைப் பாதி மூடின மாதிரியே வச்சுக்கிட்டு சாப்பிடுவேன், யாராவது இறங்கி வந்தா சட்டுனு போனைப் பார்ப்பேன். திருச்சியில எனக்கு ஃப்ரெண்ட்ஸுக்குக் குறைச்சலே கிடையாது, ஆனா அவங்க எல்லாரும் எல்கேஜியில இருந்து கூடவே வந்தவங்க, ஒருத்தரையும் நான் தேடிப் போய்ப் பிடிச்சதில்ல. புதுசா ஒருத்தர்கிட்ட எப்படிப் பழக ஆரம்பிக்கிறதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரவும் இல்ல. அதான் இதை எழுதுறேன். படிக்கிறவங்க சின்னப் பசங்கன்னு நினைச்சு நீ, வா, போன்னே எழுதுறேன், தப்பா எடுத்துக்காத.

நான் சொல்றதெல்லாம் கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்து ஸ்கூலை வச்சுத்தான், ஏன்னா எனக்குத் தெரிஞ்சது அதுதான்.

முதல்ல ஒரு கணக்கு

கன்சாஸ் யூனிவர்சிட்டியில ஜெஃப்ரி ஹால்னு ஒரு பேராசிரியர் 2018-ல ஒரு ஆய்வு வெளியிட்டார். புது ஊருக்கு மாறிப் போனவங்களையும் காலேஜ்ல புதுசா சேர்ந்தவங்களையும் வச்சுப் பார்த்தது. தெரிஞ்ச முகம்ங்கிற நிலையில இருந்து சாதாரண ஃப்ரெண்ட் ஆகுறதுக்கு சுமாரா 50 மணி நேரம் கூட இருக்கணும், நல்ல ஃப்ரெண்ட் ஆகுறதுக்கு 90 மணி நேரம், நெருங்கின ஃப்ரெண்டுக்கு 200 மணி நேரத்துக்கு மேல. இதைப் படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துருச்சு, ஏன்னா அந்த மூணு வாரமும் என்கிட்ட என்னமோ குறை இருக்குன்னுதான் நான் நினைச்சிட்டு இருந்தேன், உண்மையில எனக்கு அப்ப யார்கூடவும் ரெண்டு மணி நேரம்கூட சேர்ந்திருக்கல, அவ்வளவுதான் விஷயம்.

இப்ப இதை ஸ்கூலோட பொருத்திப் பாரு. ஒன்டாரியோவுல ஒரு பாடம் பாஸ் பண்ணினா ஒரு கிரெடிட், அதுக்கு 110 மணி நேர வகுப்பு. செமஸ்டர் முறை இருக்குற ஸ்கூல்ல ஒரு நேரத்துல நாலு பாடம்தான், ஒவ்வொண்ணும் தினமும் 75 நிமிஷம் மாதிரி. அப்படின்னா கெமிஸ்ட்ரியில உன் பக்கத்துல உட்கார்ற ஆளோட செமஸ்டர் முடியுறதுக்குள்ள 110 மணி நேரம் ஒரே டேபிள்ல இருக்கப் போற. ஆனா அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு, வகுப்புலயும் வேலை இடத்துலயும் சேர்ந்து கழிக்கிற நேரம் நட்புக்கு அவ்வளவா சேராது, ரெண்டு பேரும் விருப்பப்பட்டு சும்மா இருக்குற நேரம்தான் சேரும். ஸோ உன் வேலை ரெண்டே ரெண்டு. ஒண்ணு, தினமும் ஒரே முகங்க கண்ணுல படுற இடத்துல இருக்கிறது. ரெண்டு, அதுல ஒருத்தரை வகுப்புக்கு வெளியில கொண்டு வர்றது. கலகலன்னு பேசத் தெரியணும், ஜோக் அடிக்கத் தெரியணும், சூப்பரா டிரஸ் பண்ணணும், இதெல்லாம் இந்தக் கணக்குலயே கிடையாது.

முதல் ரெண்டு வாரம்

எங்க உட்கார்றன்னு பாத்து உட்காரு. நான் கடைசி மூலையில போய் உட்கார்ந்தேன், ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் காலி சீட், அப்புறம் யார்கிட்ட பேசுறது? நடுவுல, ரெண்டு பக்கமும் ஆள் இருக்குற மாதிரி உட்காரு, தினமும் அதே இடத்துல உட்காரு.

அப்புறம், உதவி கேளு. நம்ம ஊர்ல வளர்ந்த பசங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம், தெரியலன்னு சொன்னா மட்டமா நினைப்பாங்கன்னு பயம். எனக்கு ஆனது என்னன்னா, இங்க பையும் ஜாக்கெட்டும் வைக்க காரிடார்ல ஆளுக்கொரு லாக்கர், அதுக்கு டட்லின்னு ஒரு நம்பர் பூட்டு, சாவி கிடையாது, வட்டமா ஒரு டயல். வலது பக்கம் ரெண்டு மூணு சுத்து சுத்தி முதல் நம்பர்ல நிறுத்தணும், அப்புறம் இடது பக்கம் திருப்பி அந்த நம்பரை ஒரு தடவை தாண்டி ரெண்டாவது நம்பர், மறுபடி வலது பக்கம் நேரா மூணாவது. கால் கோடு தள்ளி நின்னாலும் திறக்காது. நாலு நாள் எனக்குத் திறக்கவே இல்ல, பனி ஜாக்கெட்டையும் ஸ்னோ பூட்ஸையும் கையிலயே தூக்கிட்டு வகுப்பு வகுப்பா அலைஞ்சேன். அஞ்சாவது நாள் பக்கத்து லாக்கர் பொண்ணுகிட்ட இதை எப்படித் திறக்கிறதுன்னு கேட்டேன். அவ பிலிப்பைன்ஸ்ல இருந்து நாலு வருஷம் முன்னாடி வந்தவ. ஒரு வார்த்தை பேசாம என் விரல் மேல அவ விரலை வச்சு மெதுவா டயலைத் திருப்பினா, டக்குனு திறந்துச்சு, "எனக்கு ஒரு வாரம் ஆச்சு"ன்னு சொன்னா. அவகூட இன்னிக்கு வரைக்கும் தொடர்புல இருக்கேன். நாலு நாளும் அவ அங்கதான் நின்னிருக்கா, நான் கேட்கல, அவ்வளவுதான். சின்ன உதவி கேட்டா எதிராளிக்கு உன்கிட்ட பேச ஒரு காரணம் கிடைக்குது, அடுத்த நாள் "திறந்துச்சா?"ன்னு கேட்க ஒரு சாக்கு கிடைக்குது.

பேசுறதுல நான் தடுமாறினது

"ஹவ் ஆர் யூ"ங்கிறது இங்க கேள்வியே இல்ல, நம்ம "வாங்க, சாப்டீங்களா" மாதிரி. "குட், யூ?" அவ்வளவுதான் பதில். அவங்க நிக்காம நடந்துட்டே கேட்பாங்க, அதுக்காக உன்னை மதிக்கலன்னு நினைச்சுக்காத. "வாட்ஸ் அப்"னு கேட்டா "நாட் மச்". யாராவது உன் ஷூவோ பையோ நல்லாருக்குன்னு சொன்னா, "ஐயோ இது பழசு, தி.நகர்ல மலிவா வாங்கினது"ன்னு இழுக்காத, "தேங்க்ஸ்"னு சொல்லிட்டு எங்க வாங்கினன்னு வேணா சொல்லு. நம்ம ஊர்ல அடக்கமா பேசுறதா நினைச்சு சொல்றது இங்க அவங்க சொன்னதை மறுக்கிற மாதிரி கேட்கும்.

அதே மாதிரி நாம சகஜமா கேட்கிற சில கேள்வி இங்க இடிக்கும். "உனக்கு எவ்வளவு மார்க்?", "உங்க அப்பா என்ன வேலை, எவ்வளவு சம்பளம்?", "கொஞ்சம் வெயிட் போட்டுட்டியே", இது மூணையும் மறந்துரு. வீட்டுல அப்பா அம்மா சேர்ந்து இருக்காங்களான்னு அவங்களா சொன்னா ஒழிய கேட்காத. வீக்கெண்ட் என்ன பண்ண, என்ன கேம் விளையாடுற, வீட்டுல நாய் பூனை இருக்கா, ஆறாவது கணக்குக்கு என்ன விடை வந்துச்சு, இதெல்லாம் தாராளமா கேளு. நாய் வச்சிருக்கிறவங்ககிட்ட நாயைப் பத்திக் கேட்டா போதும், போட்டோ காட்டுறதுலயே லஞ்ச் டைம் போயிரும்.

உன் பேர் விஷயம். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது புது டீச்சர் ஒருத்தர் திடீர்னு நிறுத்தி பேப்பரை உத்துப் பார்த்தா, அது உன் பேர்தான்னு உனக்கே தெரிஞ்சிரும். என் பேர்ல ஒரு ழ இருக்கு, முதல் மாசம் எல்லாரும் எப்படி எப்படியோ கூப்பிட்டாங்க, நானும் சரி சரின்னு விட்டுட்டேன், அது தப்பு. மெதுவா பிரிச்சு ரெண்டு தடவை சொல்லிக்கொடு, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, நிறைய பேர் சரியா சொல்லணும்னு நிஜமாவே முயற்சி பண்ணுவாங்க. நீயும் அவங்க பேரைச் சரியா கேட்டுக்கோ, வியட்நாம், சீனா, எத்தியோப்பியான்னு எங்கெங்க இருந்தோ வந்த பேருங்க இருக்கும், அதைத் திருத்தமா சொல்ற ஒரே ஆளா நீ இருந்தா அவங்க மறக்கவே மாட்டாங்க.

ஈஎஸ்எல் வகுப்புல போட்டா அழாத

வந்ததும் இங்கிலீஷ் எந்த அளவு வருதுன்னு ஒரு அசெஸ்மென்ட் வைப்பாங்க. நான் இங்கிலீஷ் மீடியம் படிச்சவதான், இருந்தும் என்னை ஈஎஸ்எல்ல, அதாவது இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்கான இங்கிலீஷ் வகுப்புல போட்டாங்க, அப்பாவுக்கு ரொம்ப வருத்தம், "இவளுக்கா இங்கிலீஷ் தெரியாது"ன்னு ரெண்டு நாள் சொல்லிட்டே இருந்தார். ஒன்டாரியோவுல அது ஏ-யில இருந்து ஈ வரைக்கும் அஞ்சு நிலை, கிரெடிட்டும் கிடைக்கும், தண்டனை கிடையாது. ஃப்ரெண்ட்ஸ் விஷயத்துல அதைவிட நல்ல ரூம் ஸ்கூல்ல எங்கயும் இல்லைன்னு நான் அடிச்சுச் சொல்வேன். மத்த வகுப்புல எல்லாருக்கும் ஏற்கனவே ஒரு கும்பல் இருக்கும், இங்க எல்லாருமே புதுசு, எல்லாருக்கும் ஆள் தேவை. எங்க வகுப்புல சிரியாவுல இருந்து வந்த பொண்ணு ஒருத்தி இருந்தா, ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் தடுக்கும், ஆனா அவ கொண்டு வர்ற ரொட்டியையும் கொண்டைக்கடலை மசியலையும் நானும், என் எலுமிச்சை சாதத்தை அவளும் சாப்பிட ஆரம்பிச்சோம், அன்னிக்கே படிக்கட்டு லஞ்ச் முடிஞ்சுது.

கிளப், டீம்

செப்டம்பர் கடைசி அக்டோபர் வாக்குல நிறைய ஸ்கூல்ல கிளப் ஃபேர்னு ஒண்ணு வைப்பாங்க, ஒவ்வொரு கிளப்பும் ஒரு டேபிள் போட்டு பேர் எழுதிக்கும். என்னை மாதிரி நடு வருஷத்துல வந்தா அது போயிருக்கும், பரவாயில்ல, காலையில தேசிய கீதம் முடிஞ்சதும் ஸ்பீக்கர்ல அறிவிப்பு வருமே, அதை கவனிச்சுக் கேளு, இல்லன்னா பசங்களுக்கு ஆலோசனை சொல்ற கைடன்ஸ் ஆபீஸ்ல போய் எந்த கிளப் எந்த ரூம்ல எந்த நாள்னு கேளு. நடுவுல சேர்றதுக்கு பெரும்பாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

எந்த கிளப்? நீ கூச்சப்படுற ஆளா இருந்தா கைக்கு வேலை இருக்குற இடமா போ. நாடகத்துக்குப் பின்னாடி செட் போடுற குழு, இயர்புக், ரோபாட்டிக்ஸ், பேண்ட், பேட்மிண்டன். சும்மா வட்டமா உட்கார்ந்து பேசுற கிளப்ல புதுசா வந்தவங்க ஊமையாயிடுவோம், ஆனா ஒரு பலகைக்கு ரெண்டு பேர் பெயிண்ட் அடிச்சா பேச்சு தானா வரும், வரலன்னாலும் அந்த அமைதி உறுத்தாது. நான் ஸ்டேஜ் க்ரூவுல சேர்ந்து ஒரு செங்கல் சுவர் வரைஞ்சேன், ஸ்பாஞ்சை சிவப்பு பெயிண்ட்ல தொட்டு ஒவ்வொரு செங்கல்லா ஒத்தணும், மூணு வாரம் அதே சுவர், அதே ரெண்டு பேர். அந்த சுவர் முடியும்போது நாங்க மூணு பேரும் ஒருத்தரையொருத்தர் வீட்டுப் பிரச்சனை வரைக்கும் தெரிஞ்சு வச்சிருந்தோம். ஒரு தடவை போயிட்டு பிடிக்கலன்னு நின்னுடாத, மூணு தடவை போ, முதல் தடவை யாருக்கும் பிடிக்காது.

வகுப்புக்கு வெளியில கொண்டு வர்றது

இதுதான் முக்கியமான இடம், நிறைய பேர் இங்கதான் விட்டுடுறோம். வகுப்புல நல்லா பேசுவோம், சிரிப்போம், ஜனவரி கடைசியில செமஸ்டர் முடிஞ்சு பிப்ரவரியில நாலு பாடமும் மாறும்போது அந்த ஆள் காணாமப் போயிருவாங்க, ரெண்டாயிரம் பேர் படிக்கிற ஸ்கூல்ல காரிடார்ல பார்த்தா ஒரு கையசைப்பு, அதோட சரி. அதனால செமஸ்டர் முடியுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியாவது இன்ஸ்டாவோ ஸ்னாப்போ வாங்கிடு, இங்க பசங்க போன் நம்பரைவிட அதைத்தான் முதல்ல கேட்பாங்க. 2024 செப்டம்பர்ல இருந்து ஒன்டாரியோ ஸ்கூல்ல 7-ல இருந்து 12 வரைக்கும் டீச்சர் சொன்னா ஒழிய வகுப்புல போன் எடுக்கக் கூடாது, ஸோ லஞ்ச்ல வாங்கு.

"வீ ஷுட் ஹேங் அவுட் சம்டைம்"னு யாராவது சொன்னா அது நல்ல மனசுல சொல்றது, ஆனா அது பிளான் கிடையாது. நான் ரெண்டு மாசம் அவங்களா கூப்பிடுவாங்கன்னு காத்துட்டு இருந்தேன். நீதான் கிழமை, நேரம், இடம் மூணையும் போட்டுக் கேட்கணும். "வியாழக்கிழமை ஸ்கூல் விட்டதும் லைப்ரரி போறேன், மேத்ஸ் டெஸ்ட்டுக்கு, வர்றியா?" இது போதும். முதல் தடவை சின்னதா இருக்கட்டும், ஒரு மணி நேரத்துல முடியுற மாதிரி. முடியாதுன்னு சொன்னா ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை கேளு. ரெண்டாவது தடவையும் முடியாதுன்னு சொல்லிட்டு அவங்க வேற நாள் எதுவும் சொல்லலன்னா அப்ப வேற ஆளைப் பாரு, அவங்க கெட்டவங்கன்னு அர்த்தம் இல்ல.

காசு இல்லாம போற இடம் நிறைய இருக்கு. டொரன்டோ பப்ளிக் லைப்ரரிக்கு 100 கிளை, கார்டு ஃப்ரீ. கம்யூனிட்டி சென்டர்ல கூடைப்பந்து, நீச்சல்னு டிராப் இன் நேரம் இருக்கும், முன்னாடியே சேராம நேரா போய் விளையாடலாம். குளிர்காலத்துல சிட்டி ஹால் முன்னாடி நேதன் ஃபிலிப்ஸ் ஸ்கொயர்ல ஐஸ் ஸ்கேட்டிங், சொந்த ஸ்கேட்ஸ் இருந்தா ஃப்ரீ. டிம் ஹார்ட்டன்ஸ்ங்கிற காபிக் கடையில பத்து டிம்பிட்ஸ் (குட்டி டோனட் உருண்டை) வாங்கி மூணு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம்.

இன்னொரு நல்ல சாக்கு 40 மணி நேரம். ஒன்டாரியோவுல ஹைஸ்கூல் டிப்ளமா வாங்கணும்னா 40 மணி நேரம் சம்பளம் இல்லாம சமூக சேவை பண்ணியிருக்கணும், எல்லாருக்கும் அது பாக்கி இருக்கும், எல்லாரும் கடைசி வரைக்கும் தள்ளிப்போடுவாங்க. "நான் சனிக்கிழமை ஃபுட் பேங்க்ல அட்டைப்பெட்டி அடுக்கப் போறேன், உனக்கு ஹவர்ஸ் வேணுமா?"ன்னு (ஃபுட் பேங்க்னா இல்லாதவங்களுக்கு இலவசமா மளிகை கொடுக்கிற இடம்) கேட்டுப் பாரு, வேண்டாம்னு சொல்ற ஆள் கம்மி. பத்து சனிக்கிழமை நாலு நாலு மணி நேரம் போனா 40 முடிஞ்சிரும், முதல்ல சொன்ன 50 மணி நேரக் கணக்குலயும் பெரும்பகுதி முடிஞ்சிரும், அதுக்குப் போக வர பஸ்ல பேசுறது தனி.

நம்ம ஆளுங்க

ஸ்கார்பரோவுல எங்க திரும்பினாலும் தமிழ் காதுல விழும், பெரும்பாலும் ஈழத்துக் குடும்பங்க, என் வயசுப் பசங்க இங்கயே பிறந்தவங்க. 2014-லதான் ஒன்டாரியோ ஜனவரியைத் தமிழ் மரபு மாதம்னு சட்டமாவே போட்டுச்சு. தமிழ்ப் பசங்களைப் பார்த்ததும் எனக்கு சந்தோஷம் தாங்கல, ஆனா ஓடிப்போய்த் தமிழ்ல பேசினா அவங்க இங்கிலீஷ்ல பதில் சொன்னாங்க, எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்களுக்கு என் திருச்சித் தமிழ் பாதி விளங்கல, தங்களோட தமிழைக் கேட்டு நான் சிரிப்பேனோன்னு அவங்களுக்கும் பயம். ஒரு தடவை ஒரு ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போனேன், அவங்க அம்மா இடியாப்பமும் சொதியும் வச்சு "வடிவாச் சாப்பிடுங்கோ பிள்ளை"ன்னு சொன்னாங்க. அழகா சாப்பிடணுமான்னு நான் முழிக்க, நல்லா சாப்பிடச் சொல்றாங்கன்னு அவ விளக்கினா, அதுல இருந்து ரெண்டு பேரும் ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தைன்னு மாத்திக்க ஆரம்பிச்சோம். தமிழ்க் கும்பல் இருந்தா கண்டிப்பா போ, மூச்சு விட ஒரு இடம் வேணும். ஆனா அங்கேயே நின்னுடாத, லாக்கர் பக்கத்துல நிக்கிறவ வேற நாட்டுக்காரி.

ஊர் ஃப்ரெண்ட்ஸை விட வேண்டாம், ஆனா நேரம் பாரு

குளிர்காலத்துல டொரன்டோவுக்கும் இந்தியாவுக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம், கோடையில ஒன்பதரை. நான் ஸ்கூல் விட்டு நாலு மணிக்கு வந்தா திருச்சியில ராத்திரி ரெண்டரை. அவங்க எழுந்து ஸ்கூலுக்குக் கிளம்புற எட்டரைக்கு எனக்கு ராத்திரி பத்து. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு லீவுன்னா எனக்கு சனிக்கிழமை விடிய விடிய சாட். இப்படி மூணு மாசம், மறுநாள் தூங்கி வழிஞ்சுட்டே இருப்பேன், இங்க யார்கிட்டயும் பேசத் தெம்பே இருக்காது. அவங்க சேர்ந்து மலைக்கோட்டை போன போட்டோ வந்தா அன்னிக்கு முழுக்க மனசு அங்கயே. அவங்களை விட முடியாது, விடவும் கூடாது. வாரத்துல ஒரு நாள் நேரம் குறிச்சு ஒழுங்கா வீடியோ கால் பேசு, மத்த நாள் தூங்கு.

ரொம்ப கஷ்டமா இருந்தா

என் சாப்பாட்டைப் பார்த்து மூக்கைப் பொத்தினவங்களும் உண்டு, என் உச்சரிப்பைத் திருப்பிச் சொல்லிச் சிரிச்சவங்களும் உண்டு. அப்படிப்பட்ட கும்பல்ல இடம் கிடைக்கணும்னு அவங்க பின்னாடி போகாத, தனியா இருக்கிறது அதைவிட நல்லது. தொடர்ந்து பண்ணினா கைடன்ஸ் கவுன்சிலர்கிட்ட சொல்லு, புதுசா வந்த குடும்பங்களுக்குன்னே நிறைய ஸ்கூல்ல செட்டில்மென்ட் வொர்க்கர் இருப்பாங்க, அவங்ககிட்டயும் சொல்லலாம். வீட்டுல சொன்னா கவலைப்படுவாங்கன்னு நீ மறைப்ப, நானும் மறைச்சேன். கிட்ஸ் ஹெல்ப் ஃபோன்னு கனடாவுல பசங்களுக்கான உதவி எண் இருக்கு, 1-800-668-6868, 24 மணி நேரமும் எடுப்பாங்க, பேச வரலன்னா 686868-க்கு மெசேஜ் அனுப்பலாம்.

அப்பா அம்மா

கடைசியா இது, ஏன்னா எல்லாம் சரியா நடந்தாலும் வீட்டுல அனுப்பலன்னா ஒண்ணும் நடக்காது. "யாரு அந்தப் பொண்ணு, அவங்க வீடு எங்க, பசங்க வர்றாங்களா, எத்தனை மணிக்கு வருவ?" அவங்களும் புது ஊர்ல பயந்துதான் இருக்காங்க, யாரையும் தெரியாது, கோவிச்சுக்கிட்டு பிரயோஜனம் இல்ல. அவங்க கேட்கிறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு: யார்கூட, எங்க, எந்த பஸ், ஆறரைக்கு வீட்டுல இருப்பேன். சொன்னா ஆறு இருபதுக்கு வந்து நில்லு. நாலு தடவை இப்படி வந்தா அஞ்சாவது தடவை கேள்வி குறையும். ராத்திரி தங்குற ஸ்லீப்ஓவரெல்லாம் முதல் வருஷமே கேட்டு சண்டை இழுக்காத.

எல்லாத்தையும்விட வேலை செஞ்சது, நீ போறதுக்கு முன்னாடி அவங்களை உன் வீட்டுக்குக் கூப்பிடுறதுதான். நான் அந்த லாக்கர் பொண்ணை மே மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வந்தேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் சரளமா வராது, அடுப்படியிலயே நின்னுட்டாங்க. அவ வாசல்லயே ஷூவைக் கழட்டி ஓரமா ஜோடியா வச்சா, பிலிப்பைன்ஸ்லயும் அப்படித்தானாம். அம்மா அதைப் பார்த்துட்டாங்க. நாலு தோசை சாப்பிட்டா, ரெண்டு சட்னியோட, ரெண்டு சர்க்கரை தொட்டு. போகும்போது அம்மா மிச்ச மாவை ஒரு தயிர் டப்பாவுல ஊத்திக் கொடுத்து, எப்படி ஊத்தணும்னு கையால வட்டம் போட்டுக் காட்டினாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அம்மாவே கேட்டாங்க, "அந்தப் பொண்ணு இன்னிக்கு வருதா, மாவு அரைக்கவா?"